வோல்ட்டேஜைக் குறைக்கும் கை

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அலுவலகங்களில் கணினிப் பெட்டியைத் திறந்தால், ஹீட்சிங்க் இடுக்குகளில் உப்புக்காற்றின் ஈரத்தோடு தூசு அப்பியிருக்கும். அதைத் துடைத்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி, பட்டாணி அளவு புதிதாக வைத்து மூடும் சர்வீஸ்காரரின் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதைவிட நுட்பமான வேலை, கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள் இருக்கிறது: பிராசசரின் வோல்ட்டேஜைத் துளித்துளியாகக் குறைப்பது. சில்லு வேலை செய்யச் செலவாகும் மின்சாரம் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைத் தொடாமல் வோல்ட்டேஜை 10 சதவீதம் குறைத்தால், அந்தச் செலவு 19 சதவீதம் இறங்கும். சூடு தணியத் தணிய, சில்லுக்குள் கசியும் மின்னோட்டமும் குறையும். சூடு குறைந்தால் விசிறியும் மெதுவாகச் சுழலலாம்; அதன் கணக்கோ இன்னும் அழகு! பாதி வேகத்தில் சுழல ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஆனால் வோல்ட்டேஜை அளவு மீறிக் குறைத்தால் கணினி நடுவேலையில் நின்றுவிடும். அந்த எல்லையைத் தேடிக் கண்டு, அதற்கு ஒரு படி மேலே நிறுத்துவதே கைத்திறன்.

சூட்டை வெளியேற்றும் கவலை கணினிக்கு மட்டுமல்ல; துறைமுகத்தருகே 210 மெகாவாட் அலகுகள் ஐந்தோடு எழுந்த அனல்மின் நிலையமும் கடல்நீரால்தான் குளிர்கிறது. அலுவலகத்திலோ, இந்த ஊர்ப் புழுக்கத்தில் சில்லு கக்கும் சூட்டை ஏசியும் சுமந்து வெளியேற்ற வேண்டும். ஆகவே பெட்டிக்குள் மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் ஏசியின் செலவையும் கொஞ்சம் குறைக்கிறது.