வரைபு தோன்றிய பிறகு

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால், அலுவிகாரையைத் தாண்டி வரும் சந்தி பலாபத்வல. மிளகும் கொக்கோவும் விளையும் சரிவுகளுக்கு நடுவே இருக்கிற இந்த ஊரிலும், நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைச் சாதாரண தரத்துக்கு எடுக்கிற பிள்ளை விரிதாளைக் கற்றாக வேண்டும். நிரல், நிரை, கலம், சூத்திரம் என்று போகும் பாடத்தின் கடைசிப் பகுதியில் வரைபு வருகிறது. தரவைத் தெரிவுசெய், செருகு, வகையைத் தேர்ந்தெடு என்று மூன்று படிகள்தான். நிறமும் அச்சும் தலைப்புமாகத் திரையில் ஒன்று தோன்றிவிடும். பெரும்பாலான வகுப்புகளில் பாடமும் அத்தோடு முடிந்துவிடும். வரைபு ஆக்குவது ரசித்துப் பார்க்கத்தக்க ஒரு கைவினை என்றும், அந்தக் கைவினை தொடங்குகிற இடத்தில்தான் நம் பாடம் நின்றுவிடுகிறது என்றும் எனக்குப் படுகிறது. கோடு இழுப்பதை மென்பொருள் எடுத்துக்கொண்டது நல்லதே. எங்கே தொடங்குவது, எதை எதோடு ஒப்பிடுவது, எதை விடுவது என்கிற தீர்மானங்களையும் அதுவே எடுத்துவிடுகிறது. அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தெரிந்தவரே வரைபு செய்யத் தெரிந்தவர்.

மழைவீழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். புவியியல் பாடத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே வரைந்து பழகியதுதான். மாத்தளையைச் சுற்றியுள்ள இந்தப் பகுதி இடைவலயம், அதாவது ஆண்டுக்கு 1750 முதல் 2500 மில்லிமீற்றர் வரை மழை பெறுகிற வலயத்தைச் சேர்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மத்திய மலைகள் பெரும்பாலும் பிடித்துக்கொள்வதால், இங்கே பெருமழை ஒக்டோபரில் எழுந்து நவெம்பர், டிசெம்பரில் உச்சம் கண்டு ஜனவரியில் தணிகிறது. ஏப்ரலில் ஒரு சிறு மேடு உண்டு. இந்தத் தரவை ஜனவரி முதல் டிசெம்பர் வரை இட்டு வரைபு கேட்டால், மென்பொருள் கேட்டதைத் தரும். ஆனால் ஒரே மழைக்காலம் இரண்டாக வெட்டுப்பட்டு, வால் இடது ஓரத்திலும் தலை வலது ஓரத்திலும் கிடக்கும். அதே பன்னிரண்டு எண்களையும் ஒக்டோபரில் தொடங்கி அடுக்கினால் பெரும்போகத்து மழை ஒரு முழு மலையாக எழும். சிறுபோகத்தின் சிறு மேடு அதன் பின்னால் தனியே தெரியும். விதைக்கிறவனின் ஆண்டு அப்படித்தான் ஓடுகிறது; நாட்காட்டியின் ஆண்டு வேறு. ஒரு எண்ணையும் மாற்றாமல், வரிசையை மட்டும் மாற்றி இவ்வளவும் கிடைக்கிறது. இந்த ஒரு தீர்மானத்துக்காகவே ஒரு மாணவியின் வரைபை நான் பத்து நிறம் பூசிய வரைபுக்கு மேலே வைப்பேன்.

மழையில் கிடைப்பது தெளிவு மட்டும்தான். குடித்தொகையில் மென்பொருளின் தீர்மானம் வரலாற்றையே திரித்துவிடும். இலங்கையில் முறையான தொகைமதிப்பு 1871இல் தொடங்கியது. 1931 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக நடந்தது. பிறகு உலகப் போர் வந்தது. அடுத்த மதிப்பு 1946இல். அதன்பின் 1953, 1963, 1971, 1981. பிறகு நம் உள்நாட்டுப் போர். 1991இல் மதிப்பே இல்லை. 2001இல் நடந்தது பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமை பெற்றது. பிறகு 2012, 2024. இந்த ஆண்டுகளை ஒரு நிரலிலும் தொகையை அடுத்த நிரலிலும் இட்டு, பிள்ளை வழமையாகச் செய்வதுபோலக் கோட்டு வரைபைத் தேர்ந்தால், ஆண்டுகளை மென்பொருள் வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம தூரத்தில் நிறுத்துகிறது. 1931இல் 53 இலட்சமாக இருந்த தொகை 1946இல் 66½ இலட்சம், 1953இல் ஏறத்தாழ 81 இலட்சம். ஏற்றம் முதலில் 13½ இலட்சம், அடுத்து 14½ இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சம தூரத்தில் வைத்தால் இரண்டு துண்டுகளும் ஏறக்குறைய ஒரே சாய்வில் போகும்; பார்ப்பவருக்கு அங்கே எதுவும் நடந்ததாகத் தோன்றாது. ஆனால் முதல் துண்டு பதினைந்து ஆண்டு, அடுத்தது ஏழே ஆண்டு. ஆண்டுக்கு 90 ஆயிரமாக இருந்த பெருக்கம் இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 அளவுக்கு விழுந்தது. மலேரியாவை ஒடுக்கிய டீடீடீயா, பரவிய வைத்தியசாலைகளா, உணவு நிலைமையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிற அந்தத் திருப்பம் இந்த நாட்டு வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்று. சம தூரக் கோட்டில் அது காணாமற் போகிறது.

அதே கோட்டின் மறுமுனையில் நேர்மாறான பொய் ஒன்று நிற்கிறது. 1971க்கும் 1981க்கும் இடையில் ஏற்றம் 21½ இலட்சம். 1981க்கும் 2001க்கும் இடையில் மதிப்பீட்டோடு சேர்த்து 39½ இலட்சம். சம தூரத்தில் இந்த இரண்டாவது துண்டு செங்குத்தாய்ப் பாய்ந்து, போர்க்காலத்தில் குடித்தொகை வெடித்ததுபோலக் காட்டும். அங்கே இருபது ஆண்டுகள் மடிந்து கிடக்கின்றன. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வேகம் சற்றுக் குறைந்தே இருக்கிறது. தீர்வு எளிது: சிதறல் வரைபைத் தேர்ந்து புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் போதும், ஆண்டுகள் தம் உண்மையான தூரத்தில் போய் நிற்கும். 1981க்கும் 2001க்கும் நடுவே புள்ளியில்லாத நீண்ட கோடு ஒன்று கிடக்கும். எண்ணப்படாத காலம் தன் அளவிலேயே தாளில் இடம் பிடித்துக்கொள்ளும். நல்ல வரைபின் அழகு எது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது அதிகம் என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். ஆனால் அதே பிள்ளை கணித பாடத்தில் வரைபுத்தாளில் நேர்கோட்டுச் சார்புகளை வரைகிறது. 2க்கும் 5க்கும் இடையிலான தூரம் 5க்கும் 6க்கும் இடையிலான தூரத்தைப் போல மூன்று மடங்கு என்பது அதற்குத் தெரியும். பக்கத்து வகுப்பறையில் தெரிந்திருந்தது கணினிக் கூடத்துக்குள் வந்ததும் மறந்துபோகிறது என்றால் குறை பிள்ளையிடம் இல்லை. அப்படியானால் வரைபுத்தாளுக்கே திரும்பலாமே என்ற வாதம் இதைவிட வலுவானது. தாளில் கையால் வரைந்தவர் அளவிடையை ஒருமுறையாவது யோசித்தே ஆகவேண்டும்; பென்சில் யாருக்காகவும் தீர்மானிப்பதில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு பாடவேளை முழுவதும் உழைத்து ஒரு வரைபை முடித்த பிள்ளை, அதைக் கிழித்துப்போட்டு ஒக்டோபரிலிருந்து மறுபடி தொடங்கிப் பார்க்குமா? விரிதாளில் அது அரை நிமிட வேலை. பொருந்தாததையும் பொருந்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதுதான் இந்தக் கருவி தந்த பெரிய வசதி. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 எண்களையும் வரைபையும் ஒரே மென்பொருளில் சேர்த்து விற்பனையில் வெற்றி பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்: எண்ணை மாற்றினால் படம் மாறும். வகுப்பறையில் இந்த வசதியைப் பயன்படுத்தாமல், முதலில் வந்ததையே இறுதி என்று அச்சிடுகிறோம்.

பூச்சியத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு தொகுதி எண்களில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடு பெரியதில் ஏறத்தாழ ஆறிலொரு பங்குக்கும் குறைவாக இருந்தால், எக்செல் அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காது. மூன்று மாத வருகை வீதம் 92, 95, 98 என்று வைத்துக்கொள்வோம். அச்சைத் தொண்ணூறு அளவில் வெட்டி, 98இன் நிரலை 92இனதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரமாக நிறுத்திவிடும். நிரல் தன் நீளத்தால் பேசுகிற வடிவம். அடியை வெட்டினால் அதன் பேச்சு பொய்யாகிவிடும். அதற்காக எல்லா வரைபும் பூச்சியத்தில் தொடங்க வேண்டும் என்று விதி போடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மாத்தளையின் மாத வெப்பநிலையைக் கோட்டு வரைபாகப் போடும்போது பூச்சியத்தில் தொடங்கினால் மேலே ஒரு தட்டையான கோடும் கீழே வெறும் வெளியும்தான் மிஞ்சும். கோடு சாய்வால் பேசுவது. அங்கே அடியை உயர்த்துவது நியாயம். பிள்ளை விதியை மனனம் செய்வதைவிட இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பழகுவது மேல்.

வட்ட வரைபு மீது பிள்ளைகளுக்கு ஒரு மோகம் உண்டு. முப்பரிமாணமாகச் சாய்த்து வைத்தால் இன்னும் அதிகம். மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகளின் குடித்தொகையை வட்டமாக்கிப் பாருங்கள். மாத்தளை, தம்புள்ளை, கலேவல, உக்குவளை ஆகியவை ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. எது பெரிது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. ஒரே அடியிலிருந்து நீளும் சலாகைகளைக் கண் திருத்தமாக ஒப்பிடும், கோணத்தையும் பரப்பையும் அவ்வளவு திருத்தமாக ஒப்பிடாது என்பதை ஆய்வாளர்கள் கிளீவ்லண்டும் மக்கிலும் 1984இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். சலாகை வரைபாக்கி, அகரவரிசையை விட்டு அளவு வரிசையில் அடுக்கினால், லக்கல பல்லேகமவும் அம்பன்கங்க கோறளையும் அடியில் போய்ச் சேர, மலைச்சரிவில் குடியிருப்பு எவ்வளவு மெலிந்தது என்பது ஒரு பார்வையில் விளங்கும். சலாகை வரைபு ஒரு குறையிலிருந்து பிறந்தது என்பதையும் இங்கே சொல்லலாம். 1786இல் வில்லியம் பிளேஃபெயார் தன் வணிக நூலுக்கு ஸ்கொட்லாந்தின் வர்த்தகத்தை வரைய முனைந்தபோது அவரிடம் ஓராண்டுத் தரவு மட்டுமே இருந்தது. காலத்தில் ஓடும் கோடு வரைய முடியாமல், பதினேழு நாடுகளுக்குச் சலாகை வரைந்தார். அவருக்கே அது அரைமனதான வடிவம். பிள்ளைகளின் நிற ஆசையைக் கெடுக்காதீர்கள் என்கிறவர்களுக்கு ஒரு சமாதானம் சொல்வேன்: பத்துச் சலாகையைச் சாம்பலாக்கி, தம் ஊர் அடங்கிய பிரிவுக்கு மட்டும் பிடித்த நிறம் பூசட்டும். ஆசையும் தீரும், வரைபும் ஒன்றைச் சொல்லும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த பிறகும் ஒரு தீர்மானம் மிஞ்சும். மலையகத்துப் பிள்ளைக்கு அது நெருக்கமானது. தொகைமதிப்பில் இந்தியத் தமிழர் என்று பதிவானோர் 1971இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 74 ஆயிரம். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ்க் கப்பலேறியவர்கள் அந்த இறக்கத்தில் இருக்கிறார்கள். தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். 2012இல் தொகை 8 இலட்சத்து 39 ஆயிரம். 1981க்கும் 2012க்கும் இடையிலான கோட்டை எண்ணிக்கையாக வரைந்தால் மெல்ல ஏறுகிறது. நாட்டுக் குடித்தொகையில் பங்காக வரைந்தால் 5.5 சதவீதத்திலிருந்து 4.1க்கு இறங்குகிறது. இரண்டும் உண்மை. இதைக் கற்பிப்பது பிள்ளைகளுக்குப் புரட்டுக் கற்பிப்பதாகாதா என்று கேட்கலாம். புரட்டு செய்பவருக்கு இந்தப் பாடம் தேவையில்லை. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பங்கைக் காட்டி எண்ணிக்கையை மறைக்கிறவரைக் கண்டுபிடிக்க வேண்டியவருக்கே தேவை. கேள்வி பள்ளிக்கூடங்களைப் பற்றியது என்றால் எண்ணிக்கை வேண்டும். வாக்குப் பலத்தைப் பற்றியது என்றால் பங்கு வேண்டும். வரைபின் தலைப்பில் 'குடித்தொகை' என்று மட்டும் எழுதிய பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. 'எண்ணிக்கை ஏறியது, பங்கு இறங்கியது' என்று எழுதிய பிள்ளை கேட்டிருக்கிறது.

கடைசியாக வரும் ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது: கணினிகள் குறைவு, பாடவேளை குறைவு, பரீட்சை படிகளைத்தான் கேட்கிறது. பரீட்சையைப் பற்றி வாதிட முடியாது. ஆனால் புதிய வரைபுகளை வரையச் சொல்வதற்குப் பதிலாக, மென்பொருள் முதலில் தந்ததையும் பிள்ளை திருத்தியதையும் ஒரே பக்கத்தில் ஒட்டி, மாற்றியதற்குக் காரணம் இரண்டு வரியில் எழுதச் சொல்ல மேலதிகக் கணினி வேண்டியதில்லை. திருத்துவதற்கான யோசனையைக் கணினி முன் இராமலே தாளில் செய்யலாம். வசதிக் குறைவு சில வேளை நல்ல ஆசிரியராகவும் இருக்கும். பெரும்பாலான பாடசாலைகளில் அச்சுப் பொறி கறுப்பு வெள்ளைதான். பிரதி எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும், பக்கத்தில் பெட்டி கட்டிய குறிவிளக்கமும் பயனற்றுப் போகும். அப்போது பிள்ளை அந்தப் பெட்டியை அழித்துவிட்டு, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அதன் பெயரை எழுதியாக வேண்டும். நிற அச்சுப் பொறி இருக்கிற இடங்களில் இதைக் கற்பிப்பதுதான் கடினம்.