எரிபொருள் தீர்ந்த இரவும் கிளாட்வெல்லின் கலாச்சாரக் கணக்கும்

மால்கம் கிளாட்வெல்லின் ‘அவுட்லயர்ஸ்’ 2008-ல் வந்தது. அதன் ஏழாவது அத்தியாயம், விமான விபத்துகளுக்கும் பைலட்டுகளின் நாட்டுக் கலாச்சாரத்துக்கும் முடிச்சுப் போடுவது. புத்தகத்தைத் தொடாதவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. ஆபீஸ் ட்ரெயினிங் வகுப்புகளில் “நாம ஏன் எதுக்கெடுத்தாலும் சார் சார்னு இழுக்கிறோம்?” என்று ஆரம்பித்து அவியாங்கா விமானத்தில் கொண்டுவந்து முடிப்பார்கள். நானும் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்து தலையாட்டியவன்தான். பிறகு அந்த விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தபோது, எதற்காகத் தலையாட்டினோம் என்று தோன்றியது.

நடந்தது இது. 1990 ஜனவரி 25. அவியாங்கா 52, போயிங் 707. போகோட்டாவிலிருந்து மெடயின் வழியாக நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு. அங்கே மோசமான வானிலை, வரிசை நீண்டுகிடந்தது. மூன்று இடங்களில் வானத்தில் வட்டமடிக்க வைத்தார்கள். மொத்தம் 77 நிமிடம். முதல் முறை இறங்கப் போய், முடியாமல் மறுபடி மேலே ஏறினார்கள். திரும்பி வருவதற்குள் எரிபொருள் தீர்ந்து, நான்கு என்ஜினும் நின்று, லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் விழுந்தது. இருந்தவர்கள் 158, இறந்தவர்கள் 73.

‘எமர்ஜென்சி’ என்ற ஒரு சொல் கடைசிவரை ரேடியோவில் போகவே இல்லை. கிளாட்வெல் பிடித்துக்கொள்வது இதைத்தான். கேப்டன் ஸ்பானிஷில் ‘எமர்ஜென்சி என்று சொல்’ என்கிறார். கோ-பைலட்டோ, திசை மாற்றும் உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் வாலில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ஒட்டவைக்கிறார். கண்ட்ரோலர் பிறகு, ‘பதினைந்து மைல் வடகிழக்கே கொண்டுபோய்த் திருப்பப் போகிறேன், உங்கள் எரிபொருளுக்குப் பரவாயில்லையா?’ என்று கேட்கும்போதும் ‘அப்படித்தான் நினைக்கிறேன், நன்றி’ என்கிற மாதிரி பதில். படிக்கப் படிக்க வயிறு கலங்கும். நியூயார்க் கண்ட்ரோலர்கள் அதட்டிப் பேசுகிறவர்கள். கொலம்பியா, மேலிடத்துக்கு அடங்கிப் போகும் பண்பாடு. அதனால் பூசிமெழுகிப் பேசி எழுபத்துமூன்று பேர் செத்தார்கள் என்பது கிளாட்வெல்லின் வாதத்தின் சாரம். சோர்வு, வானிலை, வேலை செய்யாத ஆட்டோபைலட் எல்லாவற்றையும் அவர் குறிப்பிடுகிறார், அதை மறைக்கவில்லை. ஆனால் வாதத்தின் பாரம் முழுக்க அந்தக் கோ-பைலட்டின் நாக்கில் இறங்குகிறது.

அறிக்கையில் வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. விமானம் விழுவதற்குக் கிட்டத்தட்ட 50 நிமிடம் முன்பே கோ-பைலட் ‘பிரையாரிட்டி’ வேண்டும் என்று கேட்டுவிட்டார். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? எரிபொருள் மிகக் குறைவாக இருக்கும்போது கண்ட்ரோலிடம் ‘பிரையாரிட்டி’ கேட்க வேண்டும் என்று போயிங்கின் குறிப்பே சொல்லியிருந்தது. பிரையாரிட்டி, எமர்ஜென்சி இரண்டுக்கும் கண்ட்ரோலர் காதில் ஒரே அர்த்தம்தான் என்று பயிற்சியில் தங்களுக்குப் பட்டதாக அவியாங்கா பைலட்டுகள் விசாரணையில் சொன்னார்கள். அமெரிக்கக் கண்ட்ரோலருக்கு இரண்டும் ஒன்றல்ல. எமர்ஜென்சி என்றால் வழியை ஒழித்துக் கொடுத்தாக வேண்டும். பிரையாரிட்டி என்றால் அப்படிக் கட்டாயம் கிடையாது. பணிவான மனிதர் மென்மையான சொல்லைத் தேடி எடுத்தார் என்று இதைப் படிக்க முடியுமா? பாடத்தில் இருந்த சொல்லை அவர் சொன்னார். அமெரிக்கக் கம்பெனியின் பாடம் அது.

அடுத்தது பாஸ்டன். இதுதான் என்னை ரொம்பப் படுத்தியது. எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும், மாற்று விமான நிலையம் எது என்று கண்ட்ரோலர் கேட்கிறார். ஐந்து நிமிடம், மாற்று பாஸ்டன், ஆனால் இப்போது அங்கே போக முடியாது, எரிபொருள் தீர்ந்துவிடும் என்கிறார் கோ-பைலட். இதில் எங்கே மழுப்பல்? இதைவிடத் தெளிவாக என்னதான் சொல்ல? ஆனால் பக்கத்திலிருந்த இன்னொரு கண்ட்ரோலர், அடுத்த பிரிவோடு போனில் பேசிக்கொண்டிருந்ததால், பாஸ்டன் போக முடியாது என்ற பகுதியைக் கேட்கவில்லை. ஐந்து நிமிடம்தான் தாங்குமாம், எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லை மாற்று நிலையத்துக்கு அனுப்பட்டுமா என்று கேட்டுக் கைமாற்றிவிட்டார். போக முடியாது என்று சொன்ன ஊருக்கே அனுப்பிவைக்கட்டுமா என்று ஒரு கேள்வி! அதற்குப் பிறகு அந்த விமானத்தைக் கையில் எடுத்தவர்களுக்கு அது வரிசையில் நிற்கும் இன்னொரு விமானம், அவ்வளவுதான். இந்தத் தகவல் தொலைந்தது இரண்டு அமெரிக்கர்களுக்கு நடுவில். ஹோஃப்ஸ்டெடெயின் அதிகார இடைவெளிக் கணக்கில் அமெரிக்காவுக்கு 40, கொலம்பியாவுக்கு 67. நாற்பதும் நாற்பதும் பேசிக்கொண்டபோதும் செய்தி விழுந்திருக்கிறது.

கடைசி நிமிடங்களில் கேப்டன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்: எரிபொருள் இல்லையென்று சொன்னாயா? கோ-பைலட், ஆமாம், ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் அது சொல்லியாகிவிட்டது. பயந்து வாயடைத்துப் போனவர் என்று கிளாட்வெல் வரையும் ஆள் இந்தப் பதிலில் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று: மேலதிகாரிக்கு அடங்குவதுதான் காரணம் என்றால், கேப்டனே சொன்ன சொல்லை அவர் அப்படியே ஒப்பித்திருக்க வேண்டுமே? இதற்குக் கிளாட்வெல்லின் சமாதானம், அவருக்குக் கண்ட்ரோலரே பெரிய அதிகாரியாகப் பட்டார் என்பது. இப்படி வளைத்தால் எந்த விபத்துக்கும் பொருத்திவிடலாம்.

பொருத்திப் பார்ப்போமே. 1977 மார்ச் 27, டெனரிஃப். மூடுபனியில், அனுமதி வராமலே கேஎல்எம் ஜம்போ ஓட ஆரம்பித்து, ஓடுபாதையிலேயே இருந்த பான் ஆம் ஜம்போ மேல் மோதியது. இறந்தவர்கள் 583. கேஎல்எம் கோ-பைலட் சொன்ன வாக்கியத்தில் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இருந்தது. கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று டவர் புரிந்துகொண்டது. டவர் முதலில் ‘ஓகே’ என்றது. காத்திருங்கள் என்று அது தொடர்ந்த அதே நொடியில் பான் ஆமும் பேச, கேஎல்எம் காக்பிட்டில் கேட்டது ஒரு கிறீச்சொலி. ஃப்ளைட் என்ஜினியர், அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று சந்தேகம் கேட்டார். கேப்டன் அடித்துச் சொன்னார், விலகியாச்சு என்று. அதற்கு மேல் என்ஜினியர் பேசவில்லை. மூவரும் டச்சுக்காரர்கள். ஹோஃப்ஸ்டெடெ கணக்கில் நெதர்லாந்துக்கு 38, அமெரிக்காவைவிடக் கீழே.

கிளாட்வெல் சாய்ந்திருப்பது உளவியலாளர் ராபர்ட் ஹெல்ம்ரைக் மேல். ஹெல்ம்ரைக் 1994-ல் அவியாங்கா பற்றி எழுதிய கட்டுரையில் கலாச்சாரம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தலைப்பிலேயே அதை ஒரு ‘சிஸ்டம்’ விபத்து என்றார். விசாரணை வாரியமும் எரிபொருளைக் கவனிக்காததற்கும் எமர்ஜென்சி அறிவிக்காததற்கும் பைலட்டுகளைத்தான் முதலில் குற்றம் சொன்னது. அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. கூடவே, விமானப் போக்குவரத்தைச் சரியாக ஒழுங்குபடுத்தாததையும், குறைந்த எரிபொருளைச் சொல்ல இரு தரப்புக்கும் பொதுவான, புரியும்படியான சொற்கள் இல்லாததையும் துணைக் காரணங்களாக எழுதியது.

டெனரிஃபுக்குப் பிறகு, ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அதற்கான அனுமதி கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டும்தான் சொல்ல வேண்டும், மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’ என்று ஆக்கினார்கள். எரிபொருள் விஷயத்தில் உலக விதி வர 2012 ஆயிற்று. இனி தாமதித்தால் கையிருப்பில் கைவைக்க வேண்டிவரும் என்றால் ‘மினிமம் ஃபியூயல்’. அந்தக் கையிருப்பும் கரையப்போகிறது என்றால் மூன்று முறை ‘மேடே’, பிறகு ‘ஃபியூயல்’. கொலம்பியாக்காரர் சொன்னாலும் டச்சுக்காரர் சொன்னாலும் நம்மூர்க்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னாலும் கண்ட்ரோலர் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவியாங்கா விழுந்து அப்போது 22 வருஷம் ஆகியிருந்தது.