குறியெதிர்ப்பையும் பரிசுச் சீட்டும்: சிறுகடை வணிகத்தில் இரு உத்திகள்

விளம்பரத்துக்கு ஒதுக்கப் பணமில்லாத சிறுகடை, தன்னிடம் உள்ள சரக்கையும் உழைப்பையுமே பணத்துக்கு ஈடாக நிறுத்தி வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ளும் முயற்சிகளாகப் பண்டமாற்றையும் பரிசுச் சீட்டையும் கொள்ளலாம். பண்டமாற்றில் பெரும்பாலும் ஒரு தரப்பு முதலில் கொடுத்துவிட்டு மறுதரப்பின் பொருளுக்குக் காத்திருக்கிறது. பரிசுச் சீட்டில், அதாவது குறித்த தொகைக்கு அந்தக் கடையிலேயே பின்னர் பொருள் வாங்கிக்கொள்ளும் உரிமையை முன்பணத்துக்கு விற்கும் முறையில், வாங்கியவரே காத்திருக்கிறார். ஆகவே இவ்விரண்டையும் விளம்பரம் என்பதைவிடக் கடன் என்று அழைப்பதே பொருந்தும். அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதற்குத் தமிழில் 'குறியெதிர்ப்பை' என்றொரு பழஞ்சொல் உண்டு. புறநானூறும் திருக்குறளின் ஈகை அதிகாரமும் அதை ஆள்கின்றன. இவ்வுத்திகளை எடைபோட அச்சொல்லைவிடத் தக்க அளவுகோல் கிடைப்பது அரிது.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலை போன்ற ஊரில் பண்டமாற்றின் வலிமை தெளிவாகப் புலப்படும். தீர்த்தகிரீசுவரர் கோயிலின் மாசித் திருவிழாவின்போது கூட்டம் பெருகுவதும், மற்ற நாட்களில் கடைத்தெரு ஓய்ந்திருப்பதும் இத்தகைய ஊர்களின் இயல்பு. ஓய்ந்த நாளில் உணவகத்தின் அடுப்பும் அச்சகத்தின் இயந்திரமும் தையற்கடையின் கைகளும் சும்மா இருக்கின்றன. அச்சகம் உணவகத்துக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்து, கூலிக்கு ஈடாகத் தன் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு பெற்றால், இரு தரப்பும் விலைமதிப்பைவிடக் குறைந்த அடக்கச் செலவில் தமக்கு வேண்டியதைப் பெறுகின்றன. அங்கே உண்டவர்கள் அந்த உணவகத்தின் ருசியைப் பிறரிடம் சொல்வது மேல்வரவு. ஆனால் இந்த ஆதாயம் ஓய்ந்த நேரத்துக்கு மட்டுமே உரியது. திருவிழா நெரிசலில் பணம் கொடுக்கக் காத்திருப்பவரை நிறுத்திவைத்து மாற்றுக்கடனை அடைக்க நேர்ந்தால், அதே சாப்பாடு முழு விலைக்கான இழப்பாகிவிடும். கடை வாடகை, மின் கட்டணம், கூலி ஆகியவற்றை நோட்டீஸாலும் சாப்பாட்டாலும் கட்ட முடியாது என்பது இதைவிடப் பெரிய வரம்பு.

ஒருவரிடம் மிகுந்திருப்பது மற்றவருக்குத் தேவையாகவும், அவரிடம் இருப்பது இவருக்குத் தேவையாகவும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும் என்னும் பழைய இடர்ப்பாட்டுக்குச் சுவிட்சர்லாந்து கண்ட விடை குறிப்பிடத்தக்கது. பெருமந்தக் காலத்தில், 1934-இல் அங்கே தொடங்கிய 'விர்' என்னும் கூட்டுறவு அமைப்பு, சிறுதொழில் உறுப்பினர்களின் கொடுக்கல் வாங்கலைப் பொதுக் கணக்கேட்டில் பதிந்தது. ஒருவருக்கு விற்றுப் பெற்ற வரவை வேறு எந்த உறுப்பினரிடமும் செலவிடலாம் என்றாக்கியது. வட்டத்தில் போதிய உறுப்பினர் இல்லாவிட்டால் அந்த ஏடு பயனற்றது. பத்துக் கடைகள் மட்டும் உள்ள தெருவில் அதைத் தொடங்குவது வீண் உழைப்பாகவே முடியும்.

இவ்விரு உத்திகளுக்கும் தமிழகம் நன்கறிந்த முன்மாதிரி கதர். 1925-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய நூற்போர் சங்கம், 1940-களின் நடுவில் கதர் வாங்குவோர் விலையின் ஒரு பகுதியைத் தாமே நூற்ற நூலாகத் தர வேண்டும் என்று விதித்தது. நூற்பவரே உடுத்துபவராக வேண்டும் என்ற கொள்கையிலிருந்து பார்த்தால் அது நேர்மையான விதி. விற்பனையைப் பெருக்கும் உத்தியாகப் பார்த்தால், நூற்கத் தெரியாதவரை வாசலிலேயே திருப்பியனுப்பிய விதி. பின்னர் 1950-களில் வெளியான கதர் உண்டியல்கள், முன்பணம் பெற்றுப் பிறகு துணி தரும் சீட்டுகளாக, எதிர்த்திசையில் இயங்கின. வாங்குபவரின் நம்பிக்கையை முதலாக மாற்றியதால் அவையே பரிசுச் சீட்டுக்கு நெருங்கிய உறவு.

இன்றைய பரிசுச் சீட்டின் மெய்யான பலம், புதியவரைக் கடைக்குள் அழைத்துவருவதுதான். ஐந்நூறு ரூபாய்ச் சீட்டுடன் வருபவர் கைப்பணமும் சேர்த்து வாங்கிச் செல்வதும் உண்டு. எனினும் தமிழ்நாட்டுச் சடங்குகளில் அதற்கு வலிய போட்டியாக மொய் இருக்கிறது. மொய் ஏட்டில் எழுதப்பட்ட தொகை பின்னொரு நாள் திரும்ப வேண்டியது, ஆகவே அதுவும் குறியெதிர்ப்பையே. ஆனால் மொய்ப் பணம் அன்றே சமையற்காரருக்கும் பந்தற்காரருக்கும் போய்ச்சேரும், ஒரு கடைக்குள் அடைபட்ட சீட்டு அப்படிப் போகாது. கல்யாணச் செலவை மொய்யால் ஈடுகட்டும் குடும்பத்துக்குச் சீட்டைப் பரிசளிப்பது, உதவியின் பாதியைப் பறித்துக்கொள்வதாகும். பிறந்தநாள், பள்ளிப் பரிசு போன்று செலவுச் சுமையில்லாத தருணங்களே அதற்கு ஏற்றவை.

மிகக் கடுமையாகக் கண்டிக்க வேண்டிய குறை, பயன்படுத்தப்படாத சீட்டை இலாபமாகக் கருதும் மனப்போக்கு. தீர்த்தமலையில் மலையேறித் தீர்த்தமாடிவிட்டு ஊர் திரும்பும் வெளியூர்ப் பயணியிடம் சீட்டு விற்றால், அவர் மீண்டும் வராமலே போகலாம். அப்படித் தேங்கும் பணம் உழைக்காமல் பெற்றது. வெளியே உள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகையைத் தனி ஏட்டில் கடனாக எழுதாமல் முன்பணத்தைச் சரக்கில் முடக்கும் கடை, எல்லாரும் ஒரே வாரத்தில் சீட்டை நீட்டும்போது திணறும். மாதந்தோறும் கட்டிய தீபாவளிச் சீட்டுப் பணத்தை இழந்த குடும்பங்களின் துயரம் இந்த அலட்சியத்தின் பெரிய வடிவமே. பொருளுக்கான முன்பணத்தை 365 நாட்களுக்குள் ஈடுசெய்யாத நிறுவனத்திடம் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்ற, நிறுவனச் சட்டத்தின் கீழமைந்த 2014-ஆம் ஆண்டு விதியின் நோக்கமும் இந்த ஆபத்தைத் தடுப்பதே. நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்கள் பதினொரு மாதத்தில் முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பண்டமாற்றுக்கு வரியில்லை என்ற எண்ணமும் பிழையானது. 2017-இன் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 'வழங்கல்' என்பதன் வரையறையிலேயே பண்டமாற்றைச் சேர்த்துள்ளதால், பதிவு பெற்ற கடை மாற்றிக்கொண்ட பொருளுக்கும் சந்தை மதிப்பில் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. பதிவு வரம்புக்குக் கீழே உள்ள தெருவோரக் கடையை இது தொடாது என்றாலும், நோட்டீஸ் எத்தனை, சாப்பாடு எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று இரு தரப்பும் தொடக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிடுவதற்கு வரி அதிகாரியின் வற்புறுத்தல் தேவையில்லை. நாளை அதே தெருவில் எதிரெதிரே கடை திறக்க வேண்டியவர்கள் அவர்கள்.