நாற்பது டாலர் டாமஹாக்

பெட்டியைப் பிரித்ததும் முதலில் வந்தது பெயின்ட் வாசனை; கோடரி அதற்குப் பிறகுதான் வந்தது. தடித்த கறுப்புப் பூச்சு. வார்னிஷில் வழுக்கும் காம்பு. தலையின் கன்னத்தில் பரு மாதிரி ஒரு திருகாணி. வெட்டுவாயில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். வெண்ணெய் வெட்டலாம், அதுவும் வெயில் காலத்தில். விலை நாற்பது டாலர். இதே ஆயுதத்தைக் கையால் அடித்துக் கொடுக்கும் கொல்லர்கள் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள். ஒன்றுக்குப் பல நூறு டாலர் கேட்பார்கள், அந்த வேலைக்கு அது தகும். வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஐந்து வருடமாக நான் கையில் எடுப்பது இந்த நாற்பது டாலர் சரக்கைத்தான்.

டாமஹாக் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைக்கோடரி. இப்போது ஒரு ஏவுகணைக்கும், நீள எலும்போடு வெட்டித் தட்டில் வைக்கிற மாட்டிறைச்சிக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். சொல் அல்காங்கியன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1600களின் தொடக்கத்தில் வர்ஜீனியாவில் வந்து இறங்கிய ஆங்கிலேயர்கள் பவுஹாட்டன் மக்களின் வாயிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டது. கல் தலை வைத்த கோடரிக்கும் மரத் தண்டாயுதத்துக்கும் வழங்கிய பெயர், ஐரோப்பிய இரும்பு வந்ததும் அதற்கு மாறிக்கொண்டது.

கைவினை ரசிகர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். தொழிற்சாலை டாமஹாக் ஒரு மரபின் சீரழிவு என்பது அவர்கள் கட்சி. மரபைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் கதை வேறு. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் அடித்த கோடரித் தலைகள் கப்பல் கப்பலாக இன்றைய கனடாவுக்குப் போயின. பின்னால் பர்மிங்ஹாமும் ஷெஃபீல்டும் அந்த வியாபாரத்தில் இறங்கின. பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோலுக்கு மாற்றுச் சரக்கு இது. இரும்புப் பட்டையை ஒரு தண்டைச் சுற்றி மடித்து, இரு முனையையும் காய்ச்சி அடித்து ஒட்டி, வாய்க்கு மட்டும் ஒரு துண்டு எஃகு செருகுவார்கள். எஃகு விலை அதிகம், ஆகவே அதில் கஞ்சத்தனம். சில தலைகளில் அந்தத் துண்டும் கிடையாது. வாங்குகிறவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். திருப்பிக் கொடுக்கவா வரப்போகிறார்? மலிவும் மொத்த உற்பத்தியும் இரும்பு டாமஹாக்கின் பிறவிக் குணங்கள்.

இந்தக் கருவிக்கு மதிப்புரை எழுதியவர்களில் மிக மூத்த ஒருவரை நாள் குறித்துச் சொல்லலாம். 1804-05 குளிர்காலத்தில், அமெரிக்காவின் மேற்கை ஆராயக் கிளம்பிய லூயிஸ், கிளார்க் தலைமையிலான பயணக் குழு இன்றைய வடக்கு டகோட்டாவில், மாண்டன் மக்களின் ஊர்களுக்குப் பக்கத்தில் கோட்டை கட்டித் தங்கியது. கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. குழுவின் கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ் உலையை மூட்டினார். மாண்டன்கள் கேட்ட மாதிரிப் போர்க்கோடரி அடித்துக் கொடுப்பது, பதிலுக்குச் சோளம் வாங்குவது என்று ஏற்பாடு. தேய்ந்துபோன ஒரு இரும்பு அடுப்பைக்கூட வெட்டி விற்றார்கள். நாலு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றுக்கு ஏழெட்டு காலன் சோளம், நம் கணக்கில் கிட்டத்தட்ட முப்பது லிட்டர். அந்தப் பிப்ரவரியில் லூயிஸ் தன் நாட்குறிப்பில் இந்தக் கோடரியை அளந்து, எடை போட்டுக் குறைசொல்லி எழுதினார். அலகு நீளம், தகடு மெலிசு, காம்பு குட்டை, வீச்சு குறி தவறும் என்பது அவருடைய தீர்ப்பு. வாடிக்கையாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில், மேற்கே நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நெஸ் பெர்ஸ் மக்களின் நாட்டில், உள்ளூர்க்காரர்கள் சூதாட்டத்தில் பந்தயமாக வைத்த கோடரிகளைப் பார்த்த குழுவினர் திகைத்தார்கள். மாண்டன் கோட்டையில் தாங்களே அடித்தவை! கைமாறிக் கைமாறி, மலை தாண்டி, அங்கே போய்ச் சேர்ந்திருந்தன.

இனி என் கோடரிக்கு வருகிறேன். செந்தழலாய்க் காய்ந்த எஃகை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து எந்திரச் சம்மட்டியால் அறைந்து செய்தது இது. அச்சுகள் சந்தித்த இடத்தில் ஒரு வடு ஓடும். அரத்தால் ராவினால் போய்விடும். பழைய தலையில் வாய்க்கு மட்டுமே எஃகு. இதில் முழுத் தலையும் நடுத்தரக் கரி எஃகு. பொருள் என்ற அளவில் அந்தக் காலப் பண்டமாற்றுக் கோடரியைவிட இது ஒரு படி மேல். பதம் மட்டும் சற்று மென்மையாக வைத்திருக்கிறார்கள், அரம் சுலபமாகக் கடிக்கும். இது குறை என்று பலர் சொல்வார்கள். எறிந்து விளையாடுகிறவரிடம் கேளுங்கள். ஆணியிலோ முன்பே குத்தி நிற்கும் இன்னொரு கோடரியிலோ பட்டால், கடினமான வாய் சில்லு தெறிக்கும், மென்மையானது மடங்கும். மடங்கியதை ஐந்து நிமிடத்தில் ராவி நேராக்கலாம்.

டாமஹாக்கின் அழகு வாயில் இல்லை, காம்பு நுழையும் துளையில் இருக்கிறது. சாதாரணக் கோடரிக்குக் காம்பைக் கீழிருந்து செருகி மேலே ஆப்பு அடிப்பார்கள். இதற்கு ஆப்பே கிடையாது. பிக்காசுக்குப் போடுவதுபோல, காம்பை மேலிருந்து நுழைத்துக் கீழே இழுக்க வேண்டும். மேல் முனை பருத்திருக்கும், துளையும் மேலே அகன்று கீழே ஒடுங்கும். வீசும்போது தலை வெளிநோக்கி இழுபடுகிறதல்லவா, அந்த விசையே அதைப் பருத்த முனையில் இன்னும் இறுக்குகிறது. கழற்ற வேண்டுமானால் காம்பின் அடியைக் கட்டையில் ஓங்கித் தட்டினால் தலை சரிந்து இறங்கும். காடு நோக்கிப் போகிறவர் தலையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, போகிற இடத்தில் ஒரு கிளையை வெட்டிச் செதுக்கிச் செருகிக்கொள்ளலாம். இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது அந்தத் திருகாணி எதற்கு? கடை அலமாரியில் தலை ஆடாமல் இருக்க. அது மரத்தில் பல்லைப் பதித்துக் குழி போடும், குழியிலிருந்து விரிசல் கிளம்பும். வாங்கியதும் நான் செய்யும் முதல் வேலை அதைக் கழற்றி எறிவது.

இரண்டாவது வேலை துளைக்குள்ளே. தொழிற்சாலையில் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பிசிறு, பெயின்ட் கட்டி, செதில் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும். அரைவட்ட அரத்தால் சுத்தம் செய்து, உட்சுவரில் விளக்குக் கரியைத் தடவி, காம்பை நுழைத்து வெளியே எடுத்தால், கறுத்த இடமெல்லாம் மரம் மிகுந்த இடம். கண்ணாடிச் சில்லால் அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி நுழைக்க வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டும். பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு சுற்றிலும் ஒரே சீராகக் கரி ஒட்டும். அப்போது கையில் ஒரு அமைதி தெரியும். தலையும் காம்பும் ஒரே பொருளாகிவிட்டன என்று. பூச்சை நீக்கி வினிகரில் ஊறவைத்தால் எஃகு மழைமேக நிறத்துக்கு வரும். வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் ஊட்டினால் ஹிக்கரி மரக் காம்பு தன் தேன் நிறத்தைக் காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கொல்லர் முடித்துத் தரும் கோடரியில் எனக்கு மிச்சம் வைக்கும் வேலை ஒன்றுமில்லை. இதில் பாதி வேலை என்னுடையது.

காம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மொத்தமாகச் செய்யும் சரக்கில் பெரிய சூதாட்டம் இதுதான். ஹிக்கரி நீண்ட நார் கொண்ட மரம், அதிர்ச்சியை விழுங்கும். ஆனால் நார் காம்பின் நீளத்துக்கு ஓடினால்தான் அந்தப் பெருமை. குறுக்கே சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், முதல் தவறான எறியிலேயே இரண்டாக முறியும். ஆறு காம்பு வாங்கினால் மூன்று தேறும் என்பது என் அனுபவம். முறிந்தாலும் பெரிய நஷ்டமில்லை, மாற்றுக் காம்பு மலிவாகவே கிடைக்கிறது.

எறிவதற்கென்றே இதை வாங்குகிறவர்கள் ஏராளம். இந்தியானாவில் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில், முன்வாயில் மருந்து திணிக்கும் பழைய பாணித் துப்பாக்கிப் பிரியர்களின் தேசியச் சங்கம் இருக்கிறது. அந்த வட்டத்துக்காரர்கள் தோல் உடுப்பும் பழங்காலத் தொப்பியுமாகக் கூடும் முகாம்களில் டாமஹாக் எறிவது தவறாத ஆட்டம். அடிமரத்தைக் குறுக்கே அறுத்த வட்டத்தில் சீட்டு ஒன்றைக் குத்திவைத்து, அதைப் பிளக்க வேண்டும். ஐந்தாறு எட்டு தள்ளி நின்று, மணிக்கட்டைச் சுண்டாமல் கையை நேராக வீசி விட்டால், கோடரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மரத்தில் இறங்கும். "தொக்" என்ற அந்த ஒலிக்காகவே மனிதர்கள் மாலை முழுக்க நடந்து போய்ப் பிடுங்கி, நடந்து வந்து எறிகிறார்கள். பல நூறு டாலர் கோடரியை எறிய யாருக்கு மனம் வரும்? அது சுவரில் தொங்கும். சுவரில் தொங்கும் கோடரிக்கு நாக்கு கிடையாது.

விறகுக்கு இது உதவாது. சொல்லிவிடுகிறேன். தலை அரைக் கிலோ சொச்சம், அலகு மெலிசு. சுள்ளி தறிக்கலாம், கிளை கழிக்கலாம். உலர்ந்த ஓக் கட்டையைப் பிளக்கப் போனால் வாய் சிக்கிக்கொள்ளும், பிடுங்குவதிலேயே பொழுது போகும். பின்பக்கச் சுத்தி கூடார முளை அடிக்கப் போதும். கல்லில் அடித்தால் விளிம்பு காளான்போல் விரியும். குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டில் மரம் வற்றித் தலை தளரும். அதைத் தலைகீழாகப் பிடித்து, காம்பின் பருத்த முனையைக் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினால் மறுபடி இறுகும்.

மலிவை இவ்வளவு தாங்கிப் பேசும் நான் அறவே ஒதுக்கும் ரகமும் உண்டு. 1966 வாக்கில் பீட்டர் லகானா என்பவர் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக, பின்பக்கம் கூர்முனை வைத்த டாமஹாக் ஒன்றை வடிவமைத்துச் சில ஆயிரம் விற்றார். ஹிக்கரிக் காம்பு வைத்த நேர்மையான கருவி அது. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்று வரும் போர்க்கோலக் கோடரிகளில் பல, துருப்பிடிக்காத மெல்லிய தகட்டை நைலான் பிடியில் போல்ட் போட்டு மாட்டியவை. ஒன்றை ஏமாந்து வாங்கினேன். மூன்றாம் எறியில் போல்ட் தளர்ந்தது, பத்தாவதில் பிடி பிளந்தது. அதற்குக் காம்பு செதுக்க முடியாது, துளையே இல்லையே. மலிவான பொருளைப் பழுது பார்க்க முடிந்தால் அது சிக்கனம், முடியாவிட்டால் குப்பைக்கு முன்பணம்.

இறகும் மணியும் கட்டி விற்கும் அலங்கார டாமஹாக்குகளும் எனக்கு ஆகாது. பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் கைவேலை என்று சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், ரசனை என்று ஒன்று வேண்டாமா? புகைக்குழாய் டாமஹாக்கின் மலிவுப் பிரதியையும் வாங்காதீர்கள். ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் புகையிலைக் கிண்ணம், காம்பே குழாய். உடன்படிக்கைகளில் பரிசாகக் கைமாறிய பொருள் அது. பூர்வகுடியினரும் சட்டத்தின் கண்ணில் மனிதரே என்று 1879இல் நெப்ராஸ்கா நீதிமன்றத்தில் நிலைநாட்டிய போன்கா தலைவர் ஸ்டாண்டிங் பேர், தனக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவரான ஜான் வெப்ஸ்டருக்கு நன்றியாகக் கொடுத்தது தன் புகைக்குழாய் டாமஹாக்கை. பின்னாளில் அது ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்துக்குப் போய், 2022இல்தான் போன்கா மக்களிடம் திரும்பியது. அதை அச்சில் வார்த்து அலமாரியில் வைக்க எனக்குக் கூசுகிறது.

எளிய தலை, மரக் காம்பு, இது போதும். கடைக்குப் போனால் வாயின் கூர்மையைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். கூர்மை உங்கள் அரத்தில் இருக்கிறது. திருகாணியைத் தளர்த்தித் தலையை இறக்கச் சொல்லிக் கேளுங்கள். காம்பை வெளிச்சத்தில் திருப்பி நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். துளைக்குள் ஒரு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பிசிறு கிழிக்கும், ஜாக்கிரதை. நார் நேராக ஓடினால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.