ரிப்பனும் பூ முடிச்சும்

ரிப்பன் என்பது அகலத் துணியிலிருந்து கத்தரித்து எடுத்த கீற்று அல்ல. தறியிலேயே இரு புறமும் கரை கட்டி, நீளமாக நெய்து இறக்கப்படுவதே நல்ல ரிப்பன். ஊடு நூல் ஒவ்வொரு முறையும் ஓரம்வரை போய்த் திரும்பி வருவதால் நூல் பிரியாது. ஓரம் மெலிதாக இருக்கும். முடிச்சிட்டால் மடிப்பு மென்மையாக விழும். அகலத் துணியை வெட்டி, ஓரத்தைச் சூட்டில் உருக்கி ஒட்டிய மலிவு ரிப்பனில் ஓரம் விறைத்து நிற்கும். விரலால் ஒரு முறை தடவினாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

நெசவு மாறினால் ரிப்பனின் குணமும் மாறும். சாட்டினில் பாவு நூல் பல ஊடு நூல்களைத் தாண்டி மேலே மிதக்கிறது. பளபளப்பும் வழுக்கலும் அதனால் வருகின்றன. குரோகிரெய்னில் ஊடு நூல் தடிமன். குறுக்கே வரிவரியாக மேடு எழும்பும். அதில் போட்ட முடிச்சு நழுவாது, வடிவமும் கலையாது. பீட்டர்ஷாம் என்ற தொப்பிப் பட்டையின் ஓரத்தில் சிறு வளைவுகள் இருக்கும்; ஆவி காட்டினால் அது தொப்பியின் வட்டத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். வெல்வெட் ஒளியை உள்வாங்கிக்கொள்வதால் நிறம் ஆழமாகத் தெரியும். ஆர்கன்சா காற்றோட்டமானது, பூ முடிச்சின் பெரிய காதுகளும், அதாவது வளையங்களும், சரியாமல் நிற்கும்.

இரண்டு காது, இரண்டு நுனி, நடுவில் ஒரு முடிச்சு: பூ முடிச்சின் உறுப்புகள் இவ்வளவே. அது நேராக உட்காருவதும் கோணிக்கொள்வதும் கட்டும் திசையைப் பொறுத்தது. முதல் முடிச்சில் இடது நுனி வலதின் மேலாகப் போனால், இரண்டாம் முடிச்சில் வலது காது இடதின் மேலாகப் போக வேண்டும். அப்போதுதான் காதுகள் கிடையாகப் படுக்கும். இரண்டு முறையும் ஒரே திசையில் கட்டினால் ஒரு காது மேலேயும் ஒன்று கீழேயும் திரும்பும். முடிச்சும் சீக்கிரம் தளரும். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் சாட்டின் என்றால், கட்டும்போதே திருப்பி நல்ல பக்கத்தை வெளியே கொண்டுவர வேண்டும். நுனியைச் சாய்வாகவோ மீன்வால் போலவோ கத்தரித்தால் நூல் பிரிவது குறையும்.

ஐரோப்பாவில் இந்த அலங்காரம் பெண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1660-களில் பதினான்காம் லூயியின் அரசவை ஆண்கள் அகலமான காற்சட்டையிலும் தோளிலும் காலணியிலும் கொத்துக்கொத்தாக ரிப்பன் அணிந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அது பெண்களின் உடையில் உச்சம் தொட்டது. பிரான்சுவா பூஷே 1756-இல் வரைந்த மதாம் த பாம்பதூர் ஓவியத்தில் பச்சைப் பட்டு உடையின் மார்பில் இளஞ்சிவப்புப் பூ முடிச்சுகள் வரிசையாக இறங்குகின்றன, கழுத்திலும் ஒன்று. ஏணி என்று பிரெஞ்சில் பெயர் பெற்ற இந்த அடுக்கில், மேலே பெரியதாகத் தொடங்கும் முடிச்சு இடுப்பை நெருங்க நெருங்கச் சிறுத்துவிடும். இடை ஒடுங்கித் தெரிவது இந்த அளவு வித்தையால்தான்.

இவ்வளவு ரிப்பனையும் நெய்யத் தனி ஊர்கள் இருந்தன. பிரான்சில் சேந்த் எத்தியேன், சுவிட்சர்லாந்தில் பாசல், இங்கிலாந்தில் கவன்ட்ரி ஆகியவை அவற்றில் முதன்மையானவை. ஒரே தறியில் பல ரிப்பன்களை ஒருசேர நெய்யும் முறை 17-ஆம் நூற்றாண்டில் பரவியபோது, பிழைப்புப் போய்விடும் என்று நெசவாளர்கள் எதிர்த்தார்கள். பல நகரங்கள் அந்தத் தறியைத் தடை செய்தன. 1860-இல் பிரான்சுடன் செய்த ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டு வரியின்றி இங்கிலாந்துக்குள் வந்தது. கவன்ட்ரியின் தொழில் நொடித்தது. அங்கே தாமஸ் ஸ்டீவன்ஸ் ஜக்கார்டு தறியில் பட்டுப் புத்தகக்குறிகளையும் படங்களையும் நெய்து பிழைப்புக்குப் புது வழி கண்டார். சேந்த் எத்தியேனின் கலை, தொழில் அருங்காட்சியகம் இன்றும் ரிப்பன் சேகரிப்புக்குப் பெயர் பெற்றது.

அல்சாஸ் பகுதிப் பெண்களின் தலையில் இருந்த பெரிய கறுப்புப் பூ முடிச்சு, 1871-இல் ஜெர்மனி அந்நிலத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகு, இழந்த மண்ணின் அடையாளமாகவே பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆயிற்று. 1927-இல் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி கறுப்பு ஸ்வெட்டரில் வெள்ளைப் பூ முடிச்சைப் பின்னலிலேயே வரைந்தார். கட்ட ரிப்பனே இல்லாத அந்த முடிச்சு அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் கழுத்தில் பூ முடிச்சிட்ட பிளவுஸை அடிக்கடி அணிந்து அரசியல் மேடை ஏறினார்.

தமிழ்நாட்டில் ரிப்பன் என்றதும் நினைவுக்கு வருவது பள்ளிச் சிறுமியரின் ரெட்டைச் சடை. நேர்வகிடு எடுத்து, பின்னலின் பாதியில் ரிப்பனின் நடுப்பகுதியை மாட்டி, இரு பாதியையும் கால்களோடு சேர்த்து நுனிவரை பின்னுவார்கள். பிறகு சடையை மடித்துக் காதுக்குப் பின்னால் தூக்கிப் பூவாகக் கட்டுவார்கள். ஓடினாலும் குதித்தாலும் அவிழாத கட்டு அது. நைலான் ரிப்பனின் நுனி பிரியாமல் இருக்கத் தீக்குச்சிச் சுடரில் லேசாகக் காட்டுவதும் வீட்டுப் பழக்கம்.

பள்ளிச் சடையின் பூ முடிச்சு அழகாக இருப்பதற்குக் காரணம் ஒன்றே: அது கட்டும் வேலையைச் செய்தபடியே அலங்காரமாகிறது. ஊசியால் தைத்து ஒட்டிய ஆயத்தப் பூவில் இந்த உயிர் இருப்பதில்லை. நெய்த ஓரமுள்ள ரிப்பனாகப் பார்த்து வாங்கி, முகத்துக்கும் உடைக்கும் பொருந்தும் அகலத்தைத் தேர்ந்து, திசை மாற்றிக் கையால் கட்டினால் ஒரே ஒரு முடிச்சு போதும்.