கோவலனை அறியாத காவலர்

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் காட்டும் ஊர்க்காப்பாளரைப் போற்றாத தமிழாசிரியர் இலர். நீல உடை உடுத்து, நூலேணியை இடையில் சுற்றிக்கொண்டு, நிலம் அகழும் உளியோடு கள்வர் திரியும் நள்ளிரவு அது. அவர்களுக்காகப் பதுங்கியிருக்கும் காவலர் யானையை நோக்கும் புலியை ஒப்பர்; அஞ்சாதவர்; நூலறிவும் நுண்ணிய தேர்ச்சியும் உடையவர்; தெருவில் மழைநீர் திரண்டோடும் இரவிலும் சுற்றுக்காவலை விடாதவர்.

அதே மதுரையில், அதே பெயருடைய காவலர்தாம் சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொன்றனர். கொலைக்களக் காதையைப் பாடம் சொல்லும்போது, பொற்கொல்லன், பாண்டியன், ஊழ்வினை என்று பழியைப் பங்கிட்டுவிட்டு மேலே செல்கின்றோம். காவலரை நாம் விசாரிப்பதே இல்லை. இக்காதையில் மிக நுட்பமாக எழுதப்பட்ட பகுதி அவர்களைப் பற்றியதே என்பது என் கருத்து.

கோவலனைக் கண்டதும் அக்காவலர், இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்குரியவன் அல்லன் என்றே முதலில் சொல்கின்றனர். பொற்கொல்லன் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் அடுக்குகிறான். இளவரசன் கழுத்திலிருந்த ஆரம் களவுபோன கதை ஒன்றும் சொல்கிறான். உடனே காவலருள் ஓர் இளைஞன், மழையிரவில் ஒரு கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்லி, நாம் சும்மா இருந்தால் அரசன் நம்மை வருத்துவானே என்று அஞ்சுகிறான். பேச்சு முடியுமுன் கல்வியறிவில்லாத, கள்வெறி கொண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இவ்வளவு பேச்சிலும் கோவலனை நோக்கி ஒரு கேள்வி இல்லை. நீ யார், எங்கே தங்கியிருக்கிறாய், உன்னை அறிந்தவர் யார் என்று ஒருவராவது கேட்டிருந்தால், மதிலுக்கு வெளியே ஆயர்பாடியில் மாதரி விடை சொல்லியிருப்பாள். கவுந்தியடிகள் அடைக்கலமாகத் தந்த அவ்விருவருக்கும் அவள் தனி மனை கொடுத்தாள். சமையலுக்கு வேண்டிய பொருள் கொடுத்தாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விட்டாள். ஆயர்பாடிக்கு அவர்களை அறிய ஒரு பொழுது போதுமானதாயிற்று. ஒரே காதையின் முற்பகுதியில் இந்த அயலன்பையும் பிற்பகுதியில் அக்கொலையையும் இளங்கோவடிகள் வைத்திருப்பது தற்செயல் அன்று. ஊரில் அறிவு இருந்தது. காவலரிடம் வாள் இருந்தது. இடையே வழி இல்லை.

அந்த வழியை அமைத்துக் காட்டியவர்கள் என்று ஜப்பானியரை இன்று பலரும் புகழ்கின்றனர். 1874இல் தோக்கியோவில் தொடங்கிய ‘கோபான்’ என்னும் சிறு காவற்கூடங்கள் இப்போது அந்நாடெங்கும் ஆறாயிரத்துக்கு மேல் உள்ளன. நாட்டுப்புறத்தில் காவலர் குடும்பத்தோடு குடியிருக்கும் காவல்மனைகள் வேறு. வழி கேட்போருக்கு வழி சொல்வதும், தொலைந்த பொருளைக் காத்துத் தருவதும், வீடுதோறும் சென்று நலம் விசாரிப்பதும் அங்கே காவற்பணியே. சிங்கப்பூர் 1983இல் தோ பாயோவில் இம்முறையைத் தழுவியது. நம் நாட்டில் 1960களின் பிற்பகுதியிலேயே, போலீஸ் படைத்தலைவர் முகமட் சாலே இஸ்மாயிலின் பெயரால் ‘சாலே முறை’ என்று இதனை ஒட்டிய ஏற்பாடு ஒன்று வந்தது.

இப்புகழில் எனக்குப் பாதி உடன்பாடே. 1923 செப்டம்பர் முதல் நாள் தோக்கியோ வட்டாரத்தைப் பெருநிலநடுக்கம் அழித்தபோது, கொரியர் கிணற்றில் நஞ்சிட்டனர் என்று பொய்வதந்தி கிளம்பியது. ‘ஜிகேதான்’ என்னும் அக்கம்பக்கக் காவற்குழுவினர் வழிப்போக்கரை நிறுத்தி, சில சொற்களை உச்சரிக்கச் சொல்லி, நாப் பிறழ்ந்தவரைக் கொன்றனர். இங்கே அயலாரே காவலர். ஆனால் கோவலன் கதிதான். யோக்கஹாமாவின் சுருமி நிலையத் தலைவர் ஒக்காவா சுனேகிச்சியோ சுமார் 300 கொரியரை நிலையத்துக்குள் வைத்துக் காத்தார். சூழ்ந்த கூட்டத்துக்கு அவர் அஞ்சவில்லை. 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் அதே ஜிகேதான் மலாயாவிலும் அமைக்கப்பட்டது. அண்டை வீட்டாரைப் பற்றி மேலிடத்துக்குச் சொல்வதும் அதன் பணியாயிருந்தது. ஆகவே, அயலாரைக் கூட்டிவிட்டாலே காவல் சிறந்துவிடும் என்று சொல்வதற்கில்லை.

1975இல் நம் நாட்டில் ருக்குன் தெத்தாங்கா தொடங்கியபோது ஆடவருக்கு இரவு ரோந்து கடமையாயிருந்தது. பிற்காலத்தில் நல்லுறவு வளர்ப்பே அதன் முதன்மை நோக்கமாயிற்று. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தன்னார்வ ரோந்து நடைபெறுகிறது. இம்மாற்றம் நன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடியிருப்புகள் பலவற்றில் தெருமுனைக்குத் தடுப்புக் கம்பம் போட்டு ஒரு ஜாகாவை நிறுத்துகிறார்களே, அதைக் காணும்போதுதான் மனம் ஒப்பவில்லை. நேப்பாளத்திலிருந்து நேற்று வந்த அந்த இளைஞருக்கு நம்மையும் தெரியாது, நம்மைக் காண வருவோரையும் தெரியாது.

பிரிக்பீல்ட்ஸ் இதற்குக் கடினமான தேர்வு. இரயில்வேக் குடியிருப்புகள் இருந்த காலத்தில், யார் எந்த வீட்டுப் பிள்ளை என்பது தெருவுக்கே தெரியும். அக்குடியிருப்புகளில் நூறு குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2001இல் சென்ட்ரல் இரயில் நிலையம் வந்தது. 2010இல் லிட்டில் இந்தியா வந்தது. இன்று துன் சம்பந்தன் சாலையில் நடப்போரில் பெரும்பகுதியினர் வந்துபோவோர்: பயணிகள், தமிழகத்திலிருந்து வந்த உணவகத் தொழிலாளர், வங்காளதேசத்தார். பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் கோலூன்றிச் செல்வோரும் மிகுதி. இவர்களெல்லாம் ரோந்துக் குழுவின் கணக்கில் யார்? காக்கப்பட வேண்டியவரா, சந்தேகிக்கப்பட வேண்டியவரா? இவர்களை நாள்தோறும் முகம் பார்த்து அறிந்தவர்கள் பூக்கடைக்காரர், சாப்பாட்டுக்கடைப் பணியாளர், ஒட்டுக்கடைக்காரர். அத்தெருவின் மாதரிகள் அவர்களே. கூட்டத்துக்கு வீட்டுக்காரரை மட்டும் அழைக்காமல் இவர்களையும் அழைக்கும் குழுவையே நான் நல்ல குழு என்பேன்.

கோவலனைக் கொன்ற காவலர் பின்னர் என்ன ஆனார்கள் என்பதைக் காப்பியம் தனியே சொல்லவில்லை. அடைக்கலத்தை இழந்தேனே என்று மாதரி தீயிற் புகுந்த செய்தியை மட்டும் மாடலன் வாயிலாகச் சொல்கிறது.