சுங்கம் தவிர்: யாருக்கு, எத்தனை நாளைக்கு?

வழிகாட்டிச் செயலிகளைப் பற்றி வரும் புகார்கள் எல்லாம் பெரும்பாலும் வரைபடத்தைப் பற்றித்தான் இருக்கும். முட்டுச்சந்தில் கொண்டுபோய் விட்டது, பாலத்து மேல ஏறணுமா கீழ போகணுமான்னு கடைசி நிமிஷத்தில் சொல்லுது, இப்படி. அதெல்லாம் நியாயமான புகார்கள். இந்தக் குறிப்பு வேறொன்றைப் பற்றியது. வரைபடம் சரி, ஜிபிஎஸ் சரி, கணக்கும் சரி, ஆனாலும் கோணலான வழி வருகிறது. காரணம் தேடினால் மூன்று மாதத்துக்கு முன்னால் யாரோ தட்டிவிட்ட ஒரு சுவிட்ச். வண்டி ஓட்டுகிறவர் செயலியைத் திட்டுவார், இல்லையென்றால் தன்னையே திட்டிக்கொள்வார். சுவிட்ச் மட்டும் பேசாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

என் போனில் மூன்று செயலிகள் இருக்கின்றன: கூகுள் மேப்ஸ், ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ். பின்னிரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்து இயங்குபவை, கட்டற்ற மென்பொருள்கள். மூன்றின் அமைப்புகள் பக்கத்தையும் வரிசையாகத் திறந்து பார்த்தபோது ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. இந்தச் சுவிட்சைப் போட்டால் அது எதுவரைக்கும் செல்லும்? இந்தப் பயணத்துக்கா, இந்த வண்டிக்கா, இல்லை நான் இந்தச் செயலியை வைத்திருக்கும் காலம் முழுக்கவா? இதை நான் சுவிட்சின் எல்லை என்று சொல்வேன். அமைப்புகள் அதிகமா குறைவா என்ற சண்டை பல வருடமாக நடக்கிறது. எனக்கு எண்ணிக்கை இரண்டாம்பட்சம். எல்லை தெரியவில்லை என்றால் நாலே சுவிட்ச் இருந்தாலும் குழப்பம்தான்.

'சுங்கம் தவிர்' என்ற சுவிட்சை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை என்பதால் இன்று மட்டும் தவிர்க்க நினைக்கிறார். இன்னொருவர் வாடகை வேன் ஓட்டுகிறார், சுங்கப் பணம் கையிலிருந்து போகிறது, அதனால் அந்த வண்டியில் என்றைக்குமே வேண்டாம். மூன்றாமவர் பைக்கில் போகிறார். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணமே கிடையாது, ஓரமாக ஒரு சந்து விட்டிருப்பார்கள், அதில் நுழைந்து போய்விடலாம். அவரைப் பொறுத்தவரை இந்தச் சுவிட்சுக்குப் பெரும்பாலும் பொருளே இல்லை. ஆனால் காருக்காகப் போட்டது பைக்கிலும் ஒட்டிக்கொண்டால், காசு கேட்காத நல்ல சாலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்ற வைக்கும். மூன்று பேருக்கு மூன்று அர்த்தம். செயலி சேமித்து வைப்பது ஆம் அல்லது இல்லை என்ற ஒரே ஒரு பிட்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ போன்றவற்றுக்கு அனுமதி இல்லை. மும்பை பாந்த்ரா–வொர்லி கடல் பாலத்திலும் பைக் போக முடியாது. இது விருப்பம் இல்லீங்க, சட்டம். சட்டத்தை 'நெடுஞ்சாலை தவிர்' என்று ஒரு விருப்பமாக வைத்து ஓட்டுகிறவர் தலையில் கட்டுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. வண்டி எது என்று ஒருமுறை கேட்டுவிட்டால் மற்றதைச் செயலியே பார்த்துக்கொள்ள வேண்டும். கூகுள் 2017 டிசம்பரில் இந்தியாவுக்காக இருசக்கர வாகனப் பயன்முறையைக் கொண்டுவந்தபோது செய்த நல்ல காரியம் இதுதான். அமைப்புகளுக்குள் எங்கேயோ ஒரு சுவிட்சாக ஒளிக்காமல், கார் படத்துக்குப் பக்கத்திலேயே பைக் படத்தை வைத்தார்கள். கண் முன்னால் இருக்கிறது, தட்டினால் வழி மாறுகிறது, நேரமும் மாறுகிறது. யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதே கூகுள் மேப்ஸில் சுங்கம், நெடுஞ்சாலை, படகு ஆகியவற்றைத் தவிர்க்கும் சுவிட்சுகள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. வழி காட்டும் திரையின் மூன்று புள்ளி மெனுவில் ஒன்று, நம் படத்தைத் தட்டி அமைப்புகளுக்குள் போனால் வழிசெலுத்தல் என்ற தலைப்பின் கீழ் இன்னொன்று. இரண்டும் ஒன்றேதானா, இங்கே மாற்றினால் அங்கே மாறுமா என்று திரை ஒரு வார்த்தை சொல்வதில்லை. இடத்தை வைத்து நாம் ஊகிப்பது என்னவென்றால், வழித்திரையில் இருப்பது இந்த வழிக்கு, அமைப்புகளில் இருப்பது எப்போதைக்கும். இடமே ஒரு வாக்குறுதி. அதைச் செயலி காப்பாற்றுகிறதா என்று அடுத்த பயணத்தில்தான் தெரியும்.

ஆஸ்மாண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த எல்லைப் பிரச்சினையை நேருக்கு நேர் பார்த்தவர்கள் அவர்கள்தான். 2010 முதல் இருக்கும் செயலி. கார், சைக்கிள், நடை, மோட்டார்சைக்கிள், லாரி, படகு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ப்ரொஃபைல், ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்புகள். கொள்கை அளவில் இது சரியான பாதை. வண்டிக்கு உரியதை வண்டியோடு கட்டிவைக்கிறார்கள். சில அமைப்புகளை மாற்றும்போது, 'எல்லா ப்ரொஃபைலுக்குமா, இதற்கு மட்டுமா, மாற்றத்தைக் கைவிடவா' என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். இவ்வளவு நேர்மையாகக் கேட்கும் செயலியை நான் வேறு பார்த்ததில்லை.

ஆனால் நேர்மை வேறு, தெளிவு வேறு. முதலாவதாக, 'வரைபடத்தைப் பார்' என்பதும் அங்கே ஒரு ப்ரொஃபைல். அது வண்டி இல்லை, ஆனால் வண்டிகளோடு வரிசையில் நிற்கிறது. சும்மா வரைபடம் பார்க்கும்போது ஏலகிரி பக்கம் சமஉயரக் கோடுகளைப் போட்டு வைக்கிறோம். பிறகு காருக்கு வழி கேட்டுக் கிளம்பினால் கோடுகள் காணாமல் போகும். ஏனென்றால் இப்போது ஓடுவது கார் ப்ரொஃபைல், அதில் அந்தக் கோடுகளை நாம் போடவில்லை. செயலியின் கணக்கில் இது முழுக்க முழுக்க சரி. பார்ப்பவருக்கு, போட்டதை யாரோ அணைத்துவிட்ட மாதிரி இருக்கும். மறுபடி போடுவார், பயணம் முடிந்து காரை விட்டு வெளியே வந்தால் வேறொரு தோற்றம். எந்தத் தவறும் செய்யாத ஒரு மனிதர் தனக்குத்தான் இது புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு போவார். எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது.

இரண்டாவது, அந்தக் கேள்விப் பெட்டியில் முக்கியமான ஒரு வரி இல்லை. எல்லாவற்றுக்கும், இதற்கு மட்டும் என்ற இரண்டு எல்லைகள் இருக்கின்றன. 'இன்றைக்கு மட்டும்' இல்லை. வழித்திரையிலிருந்தே சுங்கத்தைத் தவிர்க்கச் சொன்னாலும் அது அந்த வண்டியின் ப்ரொஃபைலில் போய் நிரந்தரமாகக் குடியேறுகிறது.

ஆர்கானிக் மேப்ஸ் இதற்கு எதிர்முனை. மேப்ஸ்.மீ-யிலிருந்து பிரிந்து வந்தது. அமைப்புகளைக் கீழே இழுத்துக்கொண்டே போனால் சீக்கிரம் முடிந்துவிடும். பயன்படுத்தச் சுகமாக இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் நம்மூரில் பாதிப் பேர் ஓட்டும் பைக்குக்கென்று பயன்முறை இல்லை. எளிமை என்பது யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதில் 'மோட்டார்வே தவிர்' என்று ஒரு தேர்வு உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மோட்டார்வே என்பது விரைவுச்சாலை வகை. நம்முடைய தேசிய நெடுஞ்சாலைகளைப் பொதுவாக ட்ரங்க் என்றுதான் குறிக்கிறார்கள். ஆக, திருச்சிக்கு நெடுஞ்சாலையை விட்டு உள்வழியாகப் போகலாம் என்று ஒருவர் அதைப் போட்டால், செயலி பெரும்பாலும் அதே நெடுஞ்சாலையில்தான் கூட்டிப்போகும். இதைத் தமிழில் 'நெடுஞ்சாலை தவிர்' என்று மொழிபெயர்த்தால் நிலைமை இன்னும் மோசம், சுவிட்ச் செய்யாததைப் பெயர் சொல்லும். மொழிபெயர்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது ஒரு வார்த்தை மட்டும், அதன் பின்னால் இருக்கும் சாலை வகைப்பாடு அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இதெல்லாம் ஏன் இப்படி ஆகிறது? நிரல் எழுதுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் பதில் சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளைச் சேமிக்கப் பல காலமாகப் பழகிப்போன வழி ஷேர்டு ப்ரெஃபரன்சஸ். ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு, அவ்வளவுதான். எழுதிவைத்தால் செயலியை நீக்கும்வரை அல்லது தரவை அழிக்கும்வரை இருக்கும். பயணம் என்ற ஒன்று அந்தச் சேமிப்புக்குத் தெரியாது. 'இன்று மட்டும்' என்பதற்கு நாமாகத்தான் கூடுதல் வேலை செய்ய வேண்டும், 'என்றென்றைக்கும்' என்பது இலவசமாக வரும். ஆக, பல சுவிட்சுகள் நிரந்தரமாக இருப்பது யாரும் யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டியதில்லை. சேமிப்புக் கிடங்கின் பழக்கம் பயனரின் விதியாகிவிடுகிறது.

இன்னொரு காரணம், குழுவுக்குள் ஒரு விஷயத்தில் சண்டை வந்தால் 'சரிப்பா, ஒரு ஆப்ஷன் வச்சிடலாம்' என்பதுதான் கூட்டத்தை முடிக்கச் சுலபமான வழி. குனோம் திட்டத்தில் இருந்த ஹேவக் பென்னிங்டன் 2002-லேயே ஒவ்வொரு விருப்பத் தேர்வுக்கும் ஒரு விலை உண்டு என்று வாதிட்டு எழுதினார். கணக்கைப் பாருங்கள்: 10 சுவிட்சுகள் என்றால் 1,024 சேர்க்கைகள், 20 என்றால் 10,48,576. யார் சோதிப்பது? அவருடைய வாதம் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியது. மேசைக் கணினிக்கு அது போதும். ஓடும் வண்டியில் எல்லைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு பைக்கின் ரிசர்வ் நினைவிருக்கும். வண்டி திணறினால் கையைக் கீழே விட்டுத் திருகி ரிசர்வில் போடுவோம், பங்க் வரை ஓடும். பெட்ரோல் போட்டதும் திரும்ப மாற்றாமல் விட்டால்? அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் மொத்தமும் காலியாகி நடுரோட்டில் நிற்கும். திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஓட்டும்போது தெரியாது, முந்தின பயணத்தின் அவசரம் அதில் அப்படியே தங்கியிருக்கும். இடைமுக வடிவமைப்பில் இதைத்தான் மோட் என்கிறார்கள். லாரி டெஸ்லர் மோட்களே வேண்டாம் என்று தன் கார் எண் பலகையிலேயே போட்டுக்கொண்டவர். ஜெஃப் ராஸ்கின் 2000-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதற்குத் துல்லியமான இலக்கணம் கொடுத்தார்: நம் கவனம் இல்லாத ஒரு நிலையைப் பொறுத்து, ஒரே செயலுக்கு வேறு விளைவு வந்தால் அது மோட்.

குரலை அணைக்கும் பொத்தான் அச்சு அசல் ரிசர்வ் திருகுதான். பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது, அணைக்கிறோம். பல செயலிகளில் அடுத்த பயணத்திலும் அது அணைந்தேதான் இருக்கும். திருப்பம் வரும், சத்தம் வராது. போதாக்குறைக்கு, குறுக்குக்கோடு போட்ட ஸ்பீக்கர் படம் 'இப்போது சத்தம் இல்லை' என்கிறதா, 'தட்டினால் சத்தம் நிற்கும்' என்கிறதா என்பதில் செயலிக்குச் செயலி ஒற்றுமை கிடையாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் வண்டி சுமார் 33 மீட்டர் ஓடியிருக்கும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் வாகனங்களுக்குள் பொருத்தும் கருவிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு பார்வைக்கு 2 விநாடி, ஒரு வேலைக்கு மொத்தம் 12 விநாடி என்று வரம்பு சொல்கிறது. 12 விநாடி என்பது அதே வேகத்தில் 200 மீட்டர். அமைப்புகளுக்குள் நாலு படி இறங்கி ஒரு சுவிட்சைத் தேடும் வேலை இந்த வரம்புக்குள் அடங்குமா என்று நிறுத்திவைத்த வண்டியில் உட்கார்ந்து நீங்களே ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. வழித்திரையில் தட்டியது அந்தப் பயணத்தோடு போகட்டும். வண்டியோடு சேர்ந்தது வண்டிப் படத்தின் கீழ் இருக்கட்டும். சேமித்து வைத்த ஏதோ ஒன்று வழியை மாற்றியிருந்தால், வழியின் நேரத்துக்குப் பக்கத்திலேயே 'சுங்கம் தவிர்த்ததால் 35 நிமிடம் கூடுதல்' என்ற மாதிரி ஒரு வரி, அதைத் தட்டினால் தவிர்ப்பு நீங்க வேண்டும். இரண்டு வழியையும் கணக்கிட்டால்தான் அந்த 35 வரும், பேட்டரி கொஞ்சம் கூடச் செலவாகும் என்பது தெரியும். ஆகட்டும்.

எல்லாவற்றையும் மாற்ற விரும்பும் தேர்ந்த பயனர்கள் கோபப்படுவார்கள் என்று ஒரு பதில் எப்போதும் வரும். அவர்களிடமிருந்து எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. ஆஸ்மாண்டின் அந்தப் பெட்டியில் 'இந்தப் பயணத்துக்கு மட்டும்' என்ற வரியைச் சேர்த்தால் தேர்வு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பயணம் எப்போது முடிகிறது? சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறவர் விழுப்புரம் பக்கம் டீக்கடையில் நிறுத்துகிறார், செயலியை மூடுகிறார், போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தே போகலாம். அரை மணி கழித்துத் திறந்தால் அது அதே பயணமா, புதியதா? போன இடத்தைச் சேரும்வரை அல்லது வேறு இடம் கேட்கும்வரை அதே பயணம் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்பினால் மட்டும், வண்டி நகர்வதற்கு முன்னால் ஒருமுறை கேட்கலாம்: நேற்றுச் சுங்கம் வேண்டாம் என்றீர்கள், இன்றும் அப்படியேவா?